கேர் ஹோம் ஊழியர் மீது விசாரணை: தலைவர் நாற்காலியில் வழக்கறிஞரா, வேறொருவரா?

ஸ்காட்லாந்தில் கேர் ஹோமில் வேலை பார்ப்பவர் மீது பெரிய புகார் ஒன்று எழுந்தால், நிர்வாகம் அவரை வேலையை விட்டு அனுப்புவதோடு கதை முடியாது. டண்டி நகரில் ஸ்காட்டிஷ் சோஷியல் சர்வீசஸ் கவுன்சில் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 2001-ல் வந்த சட்டம் அதை உருவாக்கியது. முதியோர் இல்லம், வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் சேவை, குழந்தைகள் காப்பகம் என்று பல இடங்களில் வேலை செய்யும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன் பதிவேட்டில் இருக்கிறார்கள். புகார் அங்கே போகும். பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கிவிட்டால், முதலாளியை மாற்றினாலும் ஸ்காட்லாந்தில் அந்த வேலையைச் செய்ய முடியாது. நீக்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க, விசாரணைக்கு மூன்று பேர் கொண்ட குழு உட்காரும்.

அந்தக் குழுவுக்குத் தலைவர் யார் என்பதில் பிரிட்டனுக்குள்ளேயே ஆளுக்கொரு வழி. ஸ்காட்லாந்தில் தலைவர் நாற்காலியில் சட்டம் படித்துத் தொழில் செய்தவர் உட்காருகிறார். இங்கிலாந்தில் சோஷியல் வொர்க்கர்களுக்கான சோஷியல் வொர்க் இங்கிலாந்து என்ற அமைப்பு 2019 டிசம்பரில் தொடங்கியபோது வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. அங்கே தலைவர், துறைக்கு வெளியிலிருந்து வரும் ஒரு பொது உறுப்பினர். சட்டம் சொல்லித் தர ஓர் ஆலோசகர் தனியாகப் பக்கத்தில் இருப்பார். வேல்ஸும் வட அயர்லாந்தும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில்தான் நடந்து வந்திருக்கின்றன.

தமிழ் வாசகருக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2022 பிப்ரவரியில் கேர் வொர்க்கர் வேலைக்கும் பிரிட்டன் விசா கொடுக்கத் தொடங்கியது. 2025 ஜூலையில் புதிதாக வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதை நிறுத்தியது. இடைப்பட்ட காலத்தில் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போனவர்கள் இருக்கிறார்கள். அதற்கு முன்பே அங்கே குடியேறி முதியோர் இல்லங்களில் வேலை செய்யும் ஈழத்தமிழர்களும் இருக்கிறார்கள். லீட்ஸில் இருக்கும் கேர் வொர்க்கருக்கு இப்படி ஒரு பதிவேடே கிடையாது. இங்கிலாந்தில் பதிவு சோஷியல் வொர்க்கர்களுக்கு மட்டும்தான். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் அதே வேலையைச் செய்பவருக்குப் பதிவு கட்டாயம். வேல்ஸில் வீட்டுப் பராமரிப்பு ஊழியர்களுக்கு 2020-லும், முதியோர் இல்ல ஊழியர்களுக்கு 2022-லும் கட்டாயமானது. வேலைக்குச் சேரும்போது இதை யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. கடிதம் வரும்போதுதான் தெரிகிறது.

எந்த வழி நல்லது என்று பேச்சாகவே பேசிக்கொண்டிருந்தால் பிடிபடாது. ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். கற்பனை என்றாலும், இந்த மாதிரியான குற்றச்சாட்டு இந்தத் துறையில் சகஜம்.

காலை ஏழு மணி. இரவு ஷிஃப்ட் முடியப்போகிறது. மார் சார்ட் என்று எல்லோரும் சொல்லும் மருந்துப் பதிவுத் தாளில் ஊழியர் கையெழுத்துப் போடுகிறார். ஒவ்வொருவருக்கும் மாத்திரை கொடுத்து, அவர் விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் அந்தக் கட்டத்தில் இனிஷியல் போட வேண்டும். இவர் வரிசையாக எல்லாக் கட்டங்களிலும் போட்டுவிட்டு, அப்புறம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார் என்பது புகார். ஒரு பாட்டியின் மாத்திரை பிறகு குப்பைத்தொட்டியில் கிடந்ததாம். பார்த்ததாகச் சொன்னவர் கூட வேலை செய்த இன்னொரு ஊழியர். அவர் ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு வேலையை விட்டுப் போய்விட்டார். விசாரணைக்கு வரமாட்டார். கவுன்சில் தரப்பில் வழக்கை எடுத்துச் சொல்ல ஒரு வழக்கறிஞர் இருக்கிறார். குற்றம் சாட்டப்பட்டவருக்கு யூனியன் இல்லை, வக்கீல் இல்லை. வீட்டுச் சமையலறையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு வீடியோவில் உட்கார்ந்திருக்கிறார். “கையெழுத்து என்னுடையதுதான். ஆனா மாத்திரை கொடுத்துட்டுத்தான் போட்டேன்” என்கிறார்.

இப்போது சட்டக் கேள்வி ஒன்று நடுவில் வந்து நிற்கிறது. வராத சாட்சியின் எழுத்து வாக்குமூலத்தை மட்டும் வைத்து ஒருவரின் பிழைப்பைப் பறிக்கலாமா? 2014-ல் லண்டன் உயர் நீதிமன்றம், ஒரு நர்ஸ் தொடுத்த தார்னிகிராஃப்ட் வழக்கில் இதைப் பற்றி விரிவாகச் சொன்னது. அந்த வாக்குமூலம்தான் ஒரே ஆதாரமா அல்லது முடிவையே தீர்மானிக்கும் ஆதாரமா, சாட்சி வராததற்குச் சரியான காரணம் உண்டா, வரவைக்க முயற்சி நடந்ததா, சாட்சிக்குப் பொய் சொல்லக் காரணம் ஏதும் உண்டா என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். இங்கிலாந்துத் தீர்ப்பு ஸ்காட்லாந்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும், நியாயம் அங்கேயும் அதேதான். சமையலறையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு இப்படி ஒரு தீர்ப்பு இருப்பதே தெரியாது. “இதை ஏற்கக் கூடாது” என்று அவர் எழுந்து சொல்லப்போவதில்லை. அப்படியானால் யார் சொல்வது? தலைவர் யார் என்ற கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

முதலில் பொது உறுப்பினர் தலைமை, தனிச் சட்ட ஆலோசகர் என்ற பழைய வழி. பொது உறுப்பினர் என்றால் ஏதுமறியாதவர் என்று எண்ண வேண்டாம். மருத்துவமனை நிர்வாகம், பள்ளி, அரசுப் பணி என்று எதிலாவது நீண்ட காலம் இருந்துவிட்டு வருபவர்கள் இந்த வேலைக்கு விண்ணப்பிப்பது வழக்கம். மனிதர்களைக் கையாளத் தெரிந்தவர்கள். சட்ட ஆலோசகருக்கு ஓட்டு கிடையாது. சட்டம் என்ன சொல்கிறது என்று எடுத்துச் சொல்வதும், விசாரணை தடம் மாறினால் சுட்டிக்காட்டுவதும் அவர் வேலை.

இந்த வழியின் பெரிய பலம், சட்டம் எல்லார் காதிலும் விழுகிறது என்பது. 2000-ல் ஒரு டாக்டரின் மேல்முறையீட்டில், அப்போது அத்தகைய மேல்முறையீடுகளை விசாரித்த பிரிவி கவுன்சில் என்ற உயர் மன்றம் இதைத் தெளிவாக்கியது: குழு தனியறையில் இருக்கும்போது ஆலோசகர் ஏதாவது சட்டக் கருத்துச் சொன்னால், அதை இரு தரப்புக்கும் சொல்லி, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே முடிவெடுக்க வேண்டும். 2003-ல் ஸ்காட்லாந்தின் கிளார்க் எதிர் கெல்லி வழக்கிலும் அதே கருத்துதான். அது ஒரு சின்ன நீதிமன்றத்தைப் பற்றியது; நீதிபதி சட்டம் படிக்காதவர், சட்டம் சொல்பவர் பக்கத்தில் உட்காரும் நீதிமன்ற எழுத்தர். தனியறையில் எழுத்தர் சொல்வதைத் தற்காலிகக் கருத்தாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், வெளியே வந்து சபையில் திரும்பச் சொன்ன பிறகுதான் அது உறுதி என்றது தீர்ப்பு. கதவுக்குப் பின்னால் சட்டம் பேசக் கூடாது என்பதில் நீதிமன்றங்கள் இவ்வளவு கறாராக இருந்திருக்கின்றன.

பலவீனம் நடைமுறையில். நம் மார் சார்ட் வழக்கில், கவுன்சில் வழக்கறிஞர் வாக்குமூலத்தைச் சாதாரணமாக எடுத்து வைக்கிறார். தலைவர், “உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டா?” என்று கேட்கிறார். அந்த அம்மா, “இல்லைங்க” என்கிறார். கேள்வியே புரியாமல் வந்த பதில் அது. நல்ல ஆலோசகர் அந்த இடத்தில் கையைத் தூக்குவார். தயங்குகிறவர், தன்னைக் கேட்டால்தான் பேசுவேன் என்று இருப்பார். தலைவருக்கு எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தால்தானே கேட்பார்? இப்படி ஆலோசகரின் சுபாவத்தைப் பொறுத்து ஒருவரின் தலையெழுத்து மாறுகிறது. அதோடு, ஒவ்வொரு சட்டக் கேள்விக்கும் குழு எழுந்து போக, திரும்பி வர, ஆலோசனை கேட்க, மறுபடி எழுந்து போக என்று நேரம் ஓடும். வீடியோ விசாரணையில் இது இன்னும் மோசம். பிரிட்டனில் 2020-க்குப் பிறகு நிறைய விசாரணைகள் வீடியோவில்தான். குழு தனி அறைக்குப் போனதும் திரையில் வெறும் பெயர்கள் மட்டும் நிற்கும். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமல் இந்தப் பக்கம் காத்திருக்க வேண்டும்.

வழக்கறிஞரே தலைவர் என்ற வழிக்கு வருவோம். இதைப் பெரிய அளவில் கொண்டுவந்தது டாக்டர்களின் விசாரணை மன்றம். மான்செஸ்டரில் 2012-ல் தொடங்கிய அந்த மன்றத்தில், 2015 கடைசியில் அமலான சட்டத் திருத்தம், தலைவர் சட்டம் படித்தவராக இருந்தால் தனி ஆலோசகர் தேவையில்லை என்று வழிவிட்டது. நான்கு பேர் செய்த வேலையை மூன்று பேர் செய்கிறார்கள். ஒரு ஆளின் சம்பளம் மிச்சம். நான்கு பேரின் டைரியைப் பார்த்துத் தேதி குறிப்பதைவிட மூன்று பேருக்குக் குறிப்பது எளிது. செலவைப் பற்றிப் பேசினாலே நியாயத்தை விற்கிறோம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேர் வொர்க்கர்கள் குறைந்த சம்பளத்தில் பதிவுக் கட்டணமும் கட்டுபவர்கள். விசாரணை இழுத்துக்கொண்டே போகும் காலமெல்லாம் வேலை கிடைக்காமல் திண்டாடுபவர்களும் அவர்கள்தான். தாமதம் அமைப்பையே சாய்த்துவிடும் என்பதற்கும் உதாரணம் உண்டு. இங்கிலாந்தின் ஜெனரல் சோஷியல் கேர் கவுன்சிலில் புகார்கள் கவனிக்கப்படாமல் குவிந்து கிடந்தது 2009-ல் வெளியே வந்து, தலைமை அதிகாரி இடைநீக்கம் செய்யப்பட்டார். 2012-ல் அந்தக் கவுன்சிலையே மூடிவிட்டார்கள்.

ஆனால் செலவைவிட முக்கியமானது, அந்தக் கேள்வி கேட்கும் விதம். சட்டம் தெரிந்த தலைவர் வாக்குமூலத்தைப் பார்த்ததுமே நிறுத்துவார். கவுன்சில் தரப்பைப் பார்த்து, “சாட்சி ஏன் வரவில்லை? கடைசியாக எப்போது தொடர்பு கொண்டீர்கள்? மின்னஞ்சல் இருந்தால் காட்டுங்கள்” என்பார். அந்த அம்மாவிடம் திரும்பி, “இந்தக் கடிதம் எழுதியவரோடு உங்களுக்கு முன்பு ஏதாவது சண்டை உண்டா? அவர் இங்கே வந்திருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள்?” என்று கேட்பார். ஆட்சேபணை என்ற சொல்லே தேவையில்லை. எதிர்த்தரப்பில் வக்கீல் இருந்து, இந்தப் பக்கம் யாருமே இல்லாத விசாரணையில், இப்படி இறங்கி வந்து கேட்பதுதான் சமநிலை. சட்டம் தெரிந்தவருக்கே அந்தத் துணிச்சல் இருக்கும். தெரியாதவர், ஒரு பக்கமாகச் சாய்வதாகிவிடுமோ என்று பயந்து பேசாமல் இருந்துவிடுவார்.

சரி, ஆபத்து இல்லையா? இருக்கிறது. சட்டமும் ஓட்டும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிடுகின்றன. முன்பு சபையில் சொல்லப்பட்டது இப்போது தனியறைக்குள் போய்விடுகிறது. டாக்டர்களின் மன்றத்தில், தலைவர் குழுவுக்குச் சட்டக் கருத்துச் சொன்னால் இரு தரப்புக்கும் தெரியப்படுத்த வேண்டும் என்று விதியே போட்டிருக்கிறார்கள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேச்சுவாக்கில் சொல்லும் ஒரு வரி, சட்டக் கருத்தா, சொந்த அபிப்பிராயமா? அதை யார் கோடு கிழித்துப் பிரிப்பது? ஆலோசகர் தப்பாகச் சொன்னால் தலைவரும் வக்கீலும் மறுக்கலாம். தலைவரே மனதுக்குள் தப்பாக நினைத்துக்கொண்டால், எழுத்தில் வரும் தீர்ப்பைப் பார்த்துத்தான் தெரியும். ஸ்காட்லாந்தில் மேல்முறையீடு ஷெரிஃப் நீதிமன்றத்தில், 14 நாளுக்குள். வக்கீல் வைக்கக் காசில்லாதவருக்கு அந்த 14 நாள் என்பது கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

இன்னொரு ஆபத்தைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை. மூவரில் ஒருவர் இதே துறையில் வேலை செய்தவர். இரவில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு மாடி முழுக்கப் பார்த்துக்கொள்ளும்போது காலை ஏழு மணிக்கு என்ன நடக்கும், யார் மணி அடிப்பார்கள், எந்தப் பாட்டி மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துப் பிறகு துப்புவார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். மாத்திரை குப்பையில் கிடந்ததால் அதைக் கொடுக்கவே இல்லை என்றாகாது என்று அவர் சொல்ல வேண்டும். கோப்பைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்த வழக்கறிஞர் தலைவராக இருந்து, அழகாக வாதத்தை அடுக்கும்போது, அந்தத் துறை உறுப்பினர் வாயைத் திறப்பாரா? பொது உறுப்பினர் தலைமையில் மூவரும் கிட்டத்தட்ட சமம். இங்கே ஒருவர் உயரமாகிவிடுகிறார். இதற்கு எழுத்தில் மருந்து கிடையாது. முதலில் துறை உறுப்பினர் பேசட்டும், அடுத்து பொது உறுப்பினர், கடைசியில் தலைவர் என்ற பழக்கத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தால் ஓரளவு சரியாகும். இளையவரை முதலில் பேசவிடுவது பஞ்சாயத்திலிருந்து ராணுவ நீதிமன்றம் வரை பலரும் கண்டுபிடித்த வழிதான்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு, தொழிலின் மேலதிகாரியே தலைமை வகிப்பது. இதைச் சமூகப் பராமரிப்பில் யாரும் கேட்கவில்லை என்றாலும், பக்கத்து வீட்டில் நடந்ததைப் பார்ப்பது நல்லது. இங்கிலாந்து, வேல்ஸ் போலீஸ் ஒழுங்கு விசாரணைகளில் 2016 ஜனவரி முதல் வழக்கறிஞர்களைத் தலைவராக வைத்தார்கள். அதுவரை மூத்த போலீஸ் அதிகாரிகளே தலைவர்கள். தங்கள் ஆளைத் தாங்களே காப்பாற்றுகிறார்கள் என்ற சந்தேகம் இருந்தது. சில ஆண்டுகளில் எதிர்ப்பக்கக் குரல் எழுந்தது: நடவடிக்கை தாமதமாகிறது, கெட்ட போலீஸ்காரரை வெளியேற்றத் தலைமை அதிகாரிக்கே அதிகாரமில்லை என்றார்கள். 2024 மே மாதம் சக்கரம் திரும்பியது. மறுபடி தலைமை அதிகாரி தலைவர்; வழக்கறிஞர் ஓட்டில்லாத ஆலோசகர்; சுயேச்சை உறுப்பினர்கள் குழுவில் தொடர்கிறார்கள்.

இதைக் காட்டி, வழக்கறிஞர் தலைமை தோற்றுப்போன யோசனை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அந்த வாதம் பிடிபடவில்லை. போலீஸில் விசாரிப்பவரும் முதலாளியும் ஒரே அமைப்பு. தன் படையில் யார் இருக்க வேண்டும் என்று தலைமை அதிகாரி கேட்பதில் ஒரு நியாயம் உண்டு. கேர் ஹோமில் முதலாளி ஏற்கெனவே வேலையை விட்டு அனுப்பிவிட்டார். டண்டிக்கு வருவது அவருடைய முடிவு சரியா என்று பார்க்க அல்ல. இவர் இனி எங்கேயும் இந்த வேலை செய்யலாமா என்று பார்க்க. அந்த நாற்காலியில் இன்னொரு கேர் ஹோம் மேலாளரை உட்கார வைத்தால் யாருக்கும் நம்பிக்கை வராது.

விசாரணையே இல்லாமல் முடிப்பது நான்காவது வழி. கோப்பைப் படித்துப் பார்த்து, “இந்தத் தண்டனையை ஒப்புக்கொள்கிறீர்களா?” என்று கடிதம் அனுப்புவார்கள். சோஷியல் வொர்க் இங்கிலாந்தில் இது நிறைய நடக்கிறது. படித்த, யூனியன் துணையுள்ள சோஷியல் வொர்க்கருக்கு இது வசதி. ஆங்கிலக் கடிதத்தை இரண்டு முறை படித்தும் பாதி புரியாதவர் பயத்தில் கையெழுத்துப் போடுவது வேறு விஷயம். அங்கே தலைவரே இல்லாததால் இந்த ஒப்பீட்டில் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

என் தேர்வு இதுதான். கேர் வொர்க்கர்களுக்கு, அதாவது பெரும்பாலும் தனியாக வந்து நிற்பவர்களுக்கு, வழக்கறிஞர் தலைமையே நல்லது. ஸ்காட்லாந்து சரியான பக்கம் நிற்கிறது. சோஷியல் வொர்க்கர்களுக்கு, இரு தரப்பிலும் வக்கீல் இருந்து, ஒரு குழந்தையை வீட்டிலிருந்து பிரித்த முடிவு தொழில்ரீதியாகச் சரியா என்ற மாதிரிக் கேள்வி வரும் இடத்தில், பொது உறுப்பினர் தலைமையும் தனி ஆலோசகரும் போதும். அங்கே சட்டத்தை நினைவூட்ட இரண்டு வக்கீல்கள் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாப் பதிவேட்டுக்கும் ஒரே அச்சில் விசாரணை வேண்டும் என்று ஏன் பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்றுதான் புரியவில்லை.

இடைக்கால உத்தரவுகளில் மட்டும் எனக்கு இரண்டு யோசனை கிடையாது. முழு விசாரணைக்கு முன்பே, ஆபத்து இருக்கிறது என்று சொல்லி ஒருவரைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பது அது. எந்தப் பதிவேடாக இருந்தாலும் அங்கே சட்டம் தெரிந்தவர்தான் தலைவர் நாற்காலியில் இருக்க வேண்டும். காரணம் ரைட் வழக்கு. 2000-ல் வந்த பராமரிப்புச் சட்டத்தின் கீழ் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு தடைப் பட்டியல் இருந்தது. முதலாளி ஒரு புகார் அனுப்பினால், சம்பந்தப்பட்டவரை ஒரு வார்த்தை கேட்காமலேயே தற்காலிகமாகப் பட்டியலில் சேர்த்துவிடலாம். சேர்த்த நிமிடத்திலிருந்து வேலை போச்சு. இறுதி முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். நான்கு நர்ஸ்கள் வழக்குப் போட்டார்கள். 2009 ஜனவரியில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, இது நியாயமான விசாரணைக்கான உரிமையையும் தனிவாழ்க்கை உரிமையையும் மீறுகிறது என்று அறிவித்தது. முக்கியத் தீர்ப்பை எழுதியவர் பரோனஸ் ஹேல். தற்காலிகம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒருவரின் வாழ்க்கையை நிரந்தரமாகக் கெடுக்க முடியும் என்பது அந்த வழக்கில் வெட்டவெளிச்சமானது. இடைக்கால விசாரணை ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுவது. ஆதாரம் அரைகுறை. எதிரே நிற்பவர் தயாராக வந்திருக்க வாய்ப்பே இல்லை. இந்த அவசரத்தில் ஆலோசகரைக் கேட்டுக்கேட்டு நடத்த நேரமிருக்காது.

வழக்கறிஞர் தலைமைக்கு நான் கேட்கும் நிபந்தனைகள் மூன்று. குழு தனியறைக்குப் போகும் முன், தலைவர் எந்தச் சட்டத்தின்படி இதைப் பார்க்கப் போகிறோம் என்று சபையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சமையலறையில் போன் முன்னால் இருப்பவருக்கும் புரியும் வார்த்தைகளில். உள்ளே புதிதாக ஏதாவது சட்டக் கேள்வி முளைத்தால், திரும்ப வெளியே வந்து கேட்க வேண்டும், எத்தனை தடவையானாலும். கடைசியாக, வெளியிடும் தீர்ப்பில் மூவரும் ஒரே கருத்தா, பெரும்பான்மையா என்று போட வேண்டும். தலைவர் எந்தப் பக்கம் என்று பெயர் போட வேண்டியதில்லை.

கிளாஸ்கோவிலோ அபர்டீனிலோ இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டண்டியிலிருந்து கடிதம் வந்தால் அலட்சியமாக வைத்துவிடாதீர்கள். யூனியனில் இன்னும் சேரவில்லை என்றால், புகார் வருவதற்கு முன்பே சேர்ந்துவிடுங்கள்; வந்த பிறகு சேர்ந்தால் பல யூனியன்கள் பழைய வழக்குக்கு உதவி செய்வதில்லை. விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். “ஆட்சேபணை உண்டா?” என்று யாராவது கேட்டால், அது யார் தலைமையாக இருந்தாலும் சரி, புரியாமல் “இல்லை” என்று சொல்லாமல், “அப்படியென்றால் என்ன, விளக்குங்கள்” என்று கேளுங்கள். விளக்குவது அவர்கள் வேலை.